சிவப்பை நான் பச்சையாக்கிய காலை

1

ஒரு மனிதர் பதினாறு வேலை நாட்கள் தொடர்ந்து, தன் பெயருக்கு நேரே பச்சை முகத்தை ஒட்டிவிட்டுப் போனார். மனம் சரியாகிவிட்டதால் ஒட்டினாரா? இல்லை, சிவப்புக்கு இங்கே இடமில்லை என்று நான் கற்றுக்கொடுத்துவிட்டதால் ஒட்டினாரா? மூன்று வருடங்களாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அவர் இப்போது இல்லை.

இதை எழுத வைத்தது ஒரு சின்ன நிகழ்ச்சி. நாங்கள் ஜெர்மனியின் தெற்கே ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். என் கணவர் பிரபு இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். மகள் மித்ராவுக்கு நாலரை வயது. தினமும் எட்டரை மணிக்கு அவளை மழலையர் பள்ளியில் விடுவது என் வேலை. கோட்டைக் கழற்றி, காலணியை மாற்றி, உள்ளே போகும் வழியில் சுவரில் ஒரு பலகை இருக்கும். அதில் சூரியன், மேகம், மழை என்று மூன்று படங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் புகைப்படம் ஒட்டிய மரக் கிளிப் ஒன்று உண்டு. அன்றைக்கு மனம் எப்படி இருக்கிறதோ அந்தப் படத்துக்குக் கீழே மாட்டிவிட்டுப் போக வேண்டும்.

அன்று மித்ரா தன் கிளிப்பை மழைக்குக் கீழே மாட்டினாள். எனக்குப் பின்னால் இரண்டு அம்மாக்கள் நின்றிருந்தார்கள். என் பிள்ளை மட்டும் மழையில் இருப்பதை அவர்கள் பார்க்கிறார்களே என்று கூச்சமாகிவிட்டது. "நல்லாத்தானே இருக்க தங்கம்" என்று சொல்லிக்கொண்டே கிளிப்பை எடுத்துச் சூரியனுக்குக் கீழே மாட்டினேன். ஒரு நொடிதான்.

ஆசிரியை பெட்ரா பார்த்துவிட்டார். எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "அது மித்ராவுடையது. அவள் வைத்த இடத்திலேயே இருக்கட்டும்." கோபமில்லை. கிளிப்பை எடுத்து மறுபடியும் மழைக்குக் கீழே மாட்டினார். மன்னிக்கவும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் நன்றி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இரண்டு வருட வகுப்பும் பரீட்சையும் அவசரத்தில் கைகொடுப்பதில்லை.

பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்ற பேருந்தில் ஏறாமல் விட்டுவிட்டேன். பெட்ரா சொன்னதற்காக இல்லை. எடுத்து மாற்றி வைக்கும் அந்த விரலசைவை நான் இதற்கு முன்னாலும் செய்திருக்கிறேன்.

2

சூளகிரிப் பக்கம் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். நான் அங்கே ஹெச்.ஆர். பிரிவில் இருந்தேன். ஓசூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வருவேன். மித்ராவுக்கு அப்போது ஒரு வயது. காவேரிப்பட்டினத்திலிருந்து என் அம்மா வந்து தங்கி அவளைப் பார்த்துக்கொண்டார்.

உள்ளே நுழைந்ததும் ஒரு இரும்புப் பலகை இருக்கும். எல்லோருடைய பெயரும் அதில் வரிசையாக எழுதியிருக்கும். பக்கத்து டப்பாவில் காந்தப் பொத்தான்கள் கிடக்கும். பச்சையில் சிரிக்கும் முகம், மஞ்சளில் நேர்கோட்டு வாய், சிவப்பில் அழும் முகம். ஷிஃப்ட் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே ஒன்றை ஒட்ட வேண்டும். யாராவது சிவப்பு ஒட்டினால் அவருடைய வரிசையை மேற்பார்க்கும் லைன் லீடர் அன்றைக்கே அவரிடம் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பேசியதையும் செய்ததையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். பலகையும் நோட்டும், தினமும் யார் என்ன நிறம் என்று குறித்துவைக்கும் தாளும் என் பொறுப்பு. நல்ல ஏற்பாடு என்று நான் உண்மையாகவே நம்பினேன். இப்போதும் அந்தப் பலகையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சுடலைமுத்து சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஒன்பது வருடமாக அங்கே ஒப்பந்தத் தொழிலாளி, ஒரே மெஷினில். பஸ்ஸில் அவர் ஏறினால் சிரிப்புச் சத்தம் கேட்கும். பலகை வைத்த முதல் நாளே என்னைக் கிண்டல் செய்தார். "காலங்காத்தால மூஞ்சியை ஒட்டச் சொல்லுதீங்களே மேடம், பல்லு வெளக்கியாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அந்த வருடம் ஆள் பற்றாக்குறை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் வழக்கமாகிவிட்டது. அவர் மெஷினில் செய்த ஒரு தொகுதி, துளையின் அளவு கூடிவிட்டதென்று வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது. இப்படி ஏதாவது நடந்தால் எங்கள் ஆலையில் 'ஐந்து ஏன்' என்று ஒரு முறை உண்டு. குறை ஏன் வந்தது, அந்தக் காரணம் ஏன் வந்தது என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போனால் வேர்க்காரணம் கிடைக்கும் என்பார்கள். சுடலை தொடர்ந்து ஐந்து நாட்கள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அந்தத் தாளோடு நின்றார். ஐந்தாவது கட்டத்தில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதினார்கள். பன்னிரண்டு மணி நேரம் எந்தக் கட்டத்திலும் வரவில்லை. மெஷினிலிருந்து எடுத்து அவரைப் பேக்கிங்கில் போட்டார்கள்.

அடுத்த நாள் அவர் சிவப்பு ஒட்டினார். அதற்கு அடுத்த நாளும் சிவப்பு. மூன்றாம் நாளும் சிவப்பு. அந்த மூன்றாம் நாள்தான் ஆடிட். வெளியிலிருந்து ஆட்கள் வந்து எல்லாவற்றையும் சோதிக்கும் நாள்.

லைன் லீடர் மஞ்சுநாத் என்னைத் தேடி ஓடி வந்தார். பாகலூர்க்காரர், வீட்டில் கன்னடம் பேசுபவர். அவசரத்தில் இரண்டும் கலந்து வரும்.

"மேடம், சுடலை இன்னைக்கும் ரெட்டு. நோட்டுல ஒண்ணும் எழுதல. அவங்க பாத்தா ஓபன் பாயிண்ட்டு, முடிக்காத கொறைன்னு குறிச்சிடுவாங்க. க்ளோஸ் மாடி மேடம், பேக பேக, சீக்கிரம் முடிச்சிடுங்க."

"நீங்க அவர்கிட்ட பேசவே இல்லயா மஞ்சு?"

"எங்க பேசறது? ஆளில்லாம மூணு நாளா நானே மெஷின்ல நிக்கறன். நீங்க பேசுங்க, அதுக்குத்தான படிச்சிருக்கீங்க."

சிவப்பை எடுத்தேன். பச்சையை ஒட்டினேன். நோட்டைத் திறந்து மூன்று நாட்களுக்கும் சேர்த்து எழுதினேன்: "பேசப்பட்டது. குடும்பக் காரணம். தற்போது சரி." ஒரே பேனாவில் எழுதினால் தெரிந்துவிடும் என்று இரண்டு பேனாக்களை மாற்றிக்கொண்டேன். வேலையை ஒழுங்காகச் செய்கிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

திரும்பினால் அட்டைப்பெட்டிகளோடு சுடலை நிற்கிறார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன மேடம், நான் சிரிச்சிட்டேம் போலயே."

"ஆடிட் முடியட்டும் சுடலை. மத்தியானம் உக்காந்து பேசலாம்."

"பேசலாம் மேடம். அவசரம் ஒண்ணுமில்லை."

ஆடிட் முடிய ஐந்து மணி ஆனது. மித்ராவுக்குக் காய்ச்சல் என்று அம்மா போன் செய்ததும் கிடைத்த வண்டியில் வீட்டுக்கு ஓடினேன். மறுநாள் காலை அவர் பச்சை ஒட்டியிருந்தார், தன் கையாலேயே. அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. செய்த காரியத்தைவிட அந்த நிம்மதிதான் இப்போது அதிகமாக உறுத்துகிறது.

கேன்டீனில் பரிமாறும் லட்சுமம்மா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "அந்தண்ணன் தட்டுல சோறு அப்படியே வெச்சிட்டுப் போறாரு மேடம். ரெண்டு வாட்டி கேட்டன், சும்மா சிரிக்கறாரு." பஸ்ஸிலும் அவர் சத்தம் கேட்கவில்லை என்று எனக்கே தெரிந்திருந்தது. ஆனால் பலகையைப் பார்த்தேன். பச்சை. பிறகு பேசலாம் என்று வைத்துக்கொண்டேன்.

3

பதினேழாம் நாள் அவர் வேலைக்கு வரவில்லை. முந்தைய நாள், வார விடுமுறையில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தார். எப்படி என்று எழுதமாட்டேன். அதனால் யாருக்கும் பயனில்லை. வீட்டிலும் அவருக்குச் சில கவலைகள் இருந்ததாகப் பிறகு தெரிந்தது. ஒரே காரணத்தை எடுத்து வைத்து இதுதான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காரணங்களில் வேலையும் ஒன்று என்பதை நான் அறிவேன்.

ஆலையில் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். பிறகு லைன் ஓடியது. பணிச் சூழல் பற்றி ஓர் அறிக்கை வேண்டுமென்று எங்கள் மேலாளர் கேட்டார். அதை எழுதியதும் நான்தான். பலகைப் பதிவின்படி கடைசிப் பதினேழு நாட்களும் பச்சை, ஊழியரின் மனநிலை இயல்பு, பணி சார்ந்த குறை எதுவும் பதிவாகவில்லை. பதினேழில் முதல் நாளின் பச்சை என்னுடையது. அவருடைய மனைவி மாரியின் வாடகை அறைக்கு அந்தத் தாளை எடுத்துப்போய்க் காட்டியதும் நான்தான். மாரி அதைக் கையில் வாங்கி விரலால் ஒவ்வொரு பச்சையாகத் தடவிப் பார்த்தாள். "அப்போ அங்கன சந்தோசமாத்தான் இருந்திருக்காரு" என்றாள். பிறகு, "சரிக்கா" என்றாள்.

ஒரு பழுதான உதிரிபாகத்துக்கு ஐந்து முறை ஏன் என்று கேட்கத் தெரிந்த இடத்தில், மூன்று நாள் சிவப்பு ஒட்டிய மனிதரிடம் ஒருமுறைகூட நாங்கள் கேட்கவில்லை. 'நாங்கள்' என்று எழுதுவது எளிதாக இருக்கிறது. கேட்க வேண்டியவள் நான்.

இங்கே வந்தபின் வேலை தேடலாம் என்று என் சான்றிதழ்களை அங்கீகரிக்கும் அலுவலகத்துக்குப் போனேன். நாலு படிவம், இரண்டு மாதக் காத்திருப்பு, அரசு ஏற்ற மொழிபெயர்ப்பாளர்தான் பெயர்க்க வேண்டும் என்ற விதி. அந்த மொழிபெயர்ப்பாளர் அம்மாள் என் அனுபவச் சான்றிதழை ஜெர்மனில் பெயர்த்து, சரிபார்க்கச் சொல்லி என் முன்னால் வாசித்தார். "ஊழியர் மனநிலைப் பலகையைச் சிறப்பாகப் பராமரித்தார்." "சரியாக இருக்கிறதா?" என்று கேட்டார். மொழி சரியாகத்தான் இருந்தது. தலையாட்டினேன். அந்தத் தாளை இன்றுவரை எந்த விண்ணப்பத்தோடும் இணைக்கவில்லை. இங்குள்ள கெடுபிடிதான் காரணம் என்று அம்மாவிடம் போனில் சொல்லிவைத்திருக்கிறேன்.

4

மாரி ஓசூரிலேயே தங்கிவிட்டாள். தன் அக்கா செல்வியின் வீட்டுக்குப் பக்கத்து அறை. ஏழு வயது மகளை ஊரில் தன் அம்மாவிடம் விட்டிருக்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எனக்குப் பூ படம் அனுப்புவாள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஒவ்வொரு முறையும் எனக்குக் குறுகுறுக்கும்.

நான் மித்ராவின் கிளிப்பை மாற்றியதற்கு இரண்டு வாரம் முன்னால் அவளிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது.

"எக்கா, நல்லா இருக்கீங்களா? பாப்பா பள்ளிக்கூடம் போறாளா? நான் இப்போ வேற கம்பெனில சேந்துட்டேன்க்கா. இங்கயும் அந்த மூஞ்சி போர்டு இருக்கு. நேத்து வெளிய இருந்து ஆளுக வந்தாங்க. அதுக்கு முன்னால எங்க மேடம் வந்து செவப்பு மஞ்சள் எல்லாத்தையும் பச்சையா மாத்திட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டுக்கா. அன்னைக்கு ஒரு பேப்பரு காட்டுனீங்கள்லா, அவரு எல்லா நாளும் பச்சைன்னு. அங்கயும் இப்படித்தானாக்கா? நீங்க அங்கதான இருந்தீங்க, உங்களுக்குத் தெரியும்லா. என்னதையும் மாத்திட்டாங்க, நான் மஞ்சள் வச்சிருந்தேன். சரிக்கா. ஒண்ணும் பிடிக்க மாட்டேங்கு. நீங்க வேலையா இருப்பீங்க. நேரம் கெடைக்கும்போது சொல்லுங்க."

எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் நடுவில் இருக்கும் அந்தக் கேள்வி மட்டும்தான் என் காதில் விழுந்தது. "அங்கயும் இப்படித்தானாக்கா?" பதினாறு நாள் அவரே பச்சை வைத்தார் என்று சொல்லலாம். அது உண்மை. அதற்கு முந்தைய மூன்று நாட்களைச் சொல்லாமல் விட்டால் போதும். தட்டச்சு செய்வேன், அழிப்பேன்.

ஒரு சனிக்கிழமை பிரபு துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏங்க, மாரிக்கு என்னன்னு பதில் போடறது?"

"ஒண்ணும் போடாத. பதினாறு நாளு அவரேதான வெச்சாரு?"

"அதுக்கு முன்னாடி?"

"இங்க பாரு சுகன்யா. நீ சொன்னா உன் பாரம் எறங்கும். அந்தம்மா மேல ஏறும். அவ்ளோதான் நடக்கும்."

"அதுக்குன்னு பொய் சொல்றதா?"

"பொய் சொல்லுன்னா சொன்னன்? சும்மா இருன்னு சொல்றன்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா, என் பயத்துக்கு அது வசதியாக இருக்கிறதா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பேச்சை மாற்ற, "சரி, உங்க பொத்தான் இன்னைக்கு என்ன கலரு?" என்றேன்.

"இந்த ஊர்ல வருசம் பூரா மேகந்தான். அதுலயே மாட்டிடு."

"நெஜமா கேக்கறங்க."

மடித்த சட்டையை மறுபடியும் உதறி மடித்தார். "எங்க டீம்ல நாலு பேரை வேலையை விட்டு எடுக்கறாங்க. நான் அதுல இல்ல. இப்போதிக்கி இல்ல." இரண்டு வாரமாக அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாம் முறை கேட்டதால்தான் சொன்னார். அன்று மாலை முழுக்க அதைப் பற்றியே பேசினோம். மாரிக்குப் பதில் போடவில்லை.

5

பெட்ரா கிளிப்பைத் திருப்பி மாட்டிய அந்தக் காலைக்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

மறுநாள் மித்ரா நேராகப் போய்ச் சூரியனுக்குக் கீழே மாட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, சூரியன்!" என்றாள். பாராட்டை எதிர்பார்க்கும் பார்வை. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். மாலையில் வீட்டில் மூலையில் உட்கார்ந்திருப்பாள். டப்பாவில் கொடுத்துவிட்ட ஆப்பிள் துண்டுகள் அப்படியே கறுத்துப்போய்த் திரும்பி வந்தன. மூன்றாம் நாளும் சூரியன்தான். ஒரே ஒருமுறை கையை வைத்தேன். ஒரே ஒருமுறைதான். பிள்ளை கற்றுக்கொண்டுவிட்டாள்.

நான்காம் நாள் பலகைக்கு முன்னால் மண்டியிட்டேன். "மித்ரா, மழையும் நல்ல எடந்தான். எங்க வேணா மாட்டலாம். அம்மா மாத்தமாட்டன்."

கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். மழைக்குக் கீழே மாட்டினாள். மறுபடியும் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் தங்கம்?"

ஜெர்மனில் ஏதோ சொன்னாள். "டிராவ்ரிக்" என்ற ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. வருத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். தமிழில் சொல்லச் சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை. பிறகுதான் உறைத்தது, 'அழாத' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேனே தவிர 'வருத்தமா இருக்கு' என்று சொல்ல நான் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை. அவள் பாதி கையாலும் பாதி இரண்டு மொழியிலுமாகச் சொல்லி முடித்தாள். பள்ளியில் வெளியே நடத்திக் கூட்டிப்போகும்போது அவள் கையைப் பிடித்து நடக்கும் தோழி இப்போது வேறொரு பெண்ணின் கையைப் பிடிக்கிறாளாம். அவ்வளவுதான். நான் எதையும் தீர்த்து வைக்கவில்லை. "கஷ்டமாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பிறகு உள்ளே போய்விட்டாள்.

எழுந்து கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. எட்டே முக்கால் பேருந்து போய்விட்டது. அவ்வளவுதான் நஷ்டம்.

அடுத்த பேருந்துக்காக உட்கார்ந்திருந்தபோது மாரியின் செய்தியை இன்னொருமுறை போட்டேன். இந்த முறை முடிவுவரை கேட்டேன். "ஒண்ணும் பிடிக்க மாட்டேங்கு." மூன்று வாரம். அவள் என்னிடம் சிவப்பு ஒட்டி மூன்று வாரம் ஆகிவிட்டது. நான் என் குற்றத்தைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

அங்கே மதியம். இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் பிடித்துவிடலாம். அழைத்தேன்.

"எக்கா! நான் ஏதும் தப்பாக் கேட்டுட்டேனோன்னு நெனச்சேன்."

"நீ ஒண்ணும் தப்பாக் கேக்கல மாரி. பதில் போடாம விட்டது என் தப்பு. சாப்ட்டியா?"

"ம்."

"நெஜமா?"

"இல்லக்கா."

ஒருவரிடம் இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று முன்பெல்லாம் பயப்படுவேன். அப்படி ஆகாது, நேராகக் கேட்பதுதான் உதவும் என்று இங்கே மருத்துவரின் காத்திருப்பு அறையில் ஒரு துண்டறிக்கையை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். 

"மாரி, நேராவே கேக்கறன். செத்துடலாம்னு தோணுதா?"

 அந்தப் பக்கம் தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"அப்பப்போ தோணுதுக்கா. யாருட்டயும் சொல்லல. சொன்னா இவளுக்குப் பைத்தியம்னு பிள்ளையை எங்கிட்டக் குடுக்காமப் போயிருவாகளோன்னு பயம்."

"இப்ப? இந்த நிமிசம் தோணுதா?"

"இப்ப இல்லக்கா. நீங்க கேட்டதும் அழுகதான் வருது."

"அழு. நான் போனை வெக்கமாட்டன்."

"உங்களுக்கு அங்க சோலி இருக்கும்லா."

"பஸ்ஸுதான். அது வந்துகினே இருக்கும்."

அழுதாள்.  இரண்டு பேருந்துகள் நின்று போயின. பிறகு செல்வியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். தங்கையைத் தனியாக விட வேண்டாம், இன்று ஷிஃப்ட் வேண்டாம், நாளை காலை கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள் என்றேன். நடுவில் ஏதாவது ஆனால் உடனே பேச அரசின் இலவச உதவி எண்ணையும் அனுப்பினேன். செல்வி முதலில் திட்டினாள், என்னை இல்லை, மாரியை. "பக்கத்து ரூம்ல இருக்கேன், எங்கிட்டச் சொல்ல முடியலையாட்டி ஒனக்கு?" திட்டிக்கொண்டே அவளும் அழுதாள். மறுநாள் இருவரும் கிருஷ்ணகிரி பஸ்ஸில் இருக்கும் படம் வந்தது.

6

இப்போது ஒன்றரை மாதம் ஆகிறது. மாத்திரை சாப்பிடுகிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் ஆலோசகரிடம் பேசுகிறாள். செல்வியின் வீட்டில்தான் படுக்கை. பள்ளி விடுமுறைக்கு மகள் வந்துவிட்டுப் போனாள். நான் வாரம் மூன்று முறை அழைக்கிறேன். சில நாள் அவளுக்குப் பேசப் பிடிக்காது. அந்த நாட்களில் சாப்பிட்டதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். போன வாரம் உற்சாகமாக இருந்தாள்.

"எக்கா, எங்க மேடம் திரும்பவும் போர்டுல கைய வச்சாங்க. 'மேடம், அது எம் மூஞ்சி, விடுங்க'ன்னு சொல்லிட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"முழிச்சாங்க. பொறவு வாங்கன்னு கூட்டிட்டுப் போயி அஞ்சு நிமிசம் பேசுனாங்கக்கா. நல்லாத்தான் பேசுதாங்க. அந்தப் பிள்ளைக்கும் என்ன பேசணும்னு யாரும் சொல்லிக் குடுக்கலை போல."

முகம் தெரியாத அந்தப் பெண்ணின் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளை ஒருவர் தடுத்துச் சொல்லிவிட்டார். ஐந்து நிமிடமும் கிடைத்துவிட்டது.

பேசி முடிக்கும்போது மாரி சொன்னாள்: "எக்கா, நான் அன்னைக்குக் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலியே."

"சொல்றன் மாரி."

"மெதுவாவே சொல்லுங்க. எனக்கு இப்ப அவசரமில்லை. ஆனா மாத்திச் சொல்லிராதீங்க."

 அவளுக்கு ஏற்கெனவே தெரியுமோ என்று தோன்றுகிறது. என் வாயால் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் காத்திருக்கிறாளோ? பிரபு இப்போது வேறு மாதிரி சொல்கிறார்: "சொல்லு. ஆனா அவங்க தாங்கற நேரம் பாத்துச் சொல்லு." அந்த நேரம் எது என்று அவருக்கும் தெரியவில்லை. இன்று சொன்னால், தேறிவருகிறவளை மறுபடியும் தள்ளிவிடுவேனோ என்று பயம். நாளை என்று ஒத்திப்போட்டால், "மத்தியானம் பேசலாம்" என்று நான் சுடலையிடம் சொன்னது நினைவுக்கு வருகிறது.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். இதைப் படிப்பவர்களில் சிலர் ஓசூரிலோ சூளகிரியிலோ அப்படி ஒரு பலகைக்கு முன்னால் தினமும் நிற்பவர்களாக இருப்பீர்கள். ஒருவர் சிவப்பு ஒட்டினால் அவரிடம் முதல் வாக்கியமாக என்ன கேட்கிறீர்கள்? எனக்கு எழுதுங்கள், மாரியின் மேடத்துக்கு அனுப்பி வைக்கிறேன். சிலர் மாரியின் இடத்தில் இருந்திருப்பீர்கள். உங்கள் வீட்டு மனிதரின் கடைசி நாட்களைப் பற்றி, மறைத்த ஒருத்தியே ஒருநாள் வந்து உண்மையைச் சொன்னால் அதை எப்போது கேட்க விரும்புவீர்கள்? போனிலா, நான் நேரில் ஊருக்கு வந்தா? ஆலோசகரிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டுமா? நான் சொல்லி முடித்ததும் அவள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்க வேண்டும்?